பதினொன்றில் நின்ற வேகம்: ஸ்டுடியோவுக்கு ஒரு கோப்புப் பெட்டி கட்டிய பதிவு

கும்பகோணத்தில் என் தாய்மாமா கல்யாணப் புகைப்பட ஸ்டுடியோ நடத்துகிறார். கீழே வரவேற்பும் படப்பிடிப்பு அறையும். மாடியில் எடிட்டிங் அறை. அவருடைய மேசையின் மூன்றாவது இழுப்பறையைத் திறந்தால் பதினோரு கையடக்க வன்தட்டுகள் கிடக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருப்பார்: "வைகாசி, 3 கல்யாணம்", "வளைகாப்பு + காதுகுத்து", "கலவை". இந்தக் கலவைக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. கடந்த ஆனி மாதம் ஒரு தட்டு மேசையிலிருந்து தரையில் விழுந்தது. எடுத்துச் சொருகினால் பல்லி கத்துவதுபோல டக் டக் டக் என்று ஒரே சத்தம். கணினித் திரையில் ஒன்றும் வரவில்லை.

அதில் இருந்த கல்யாணத்துக்கு ஆல்பம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்பதால் மாமா தப்பித்தார். ஆனாலும் தூக்கம் போய்விட்டது. "ஆடி பிறந்துவிட்டால் முகூர்த்தம் கிடையாது மாப்பிள்ளை. வந்து இதற்கு ஒரு வழி செய்து கொடுத்துவிட்டுப் போ" என்றார். நான் கணினிப் பராமரிப்பு வேலையில் இருப்பவன். அலுவலகத்தில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டு வந்துவிடலாம். சொந்தக்காரர்களிடம் அது நடக்காது, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்லியாக வேண்டும். ஆகவே இந்தப் பதிவில் பாதி, பெட்டியைக் கட்டியது. மீதி, சொற்களோடு மல்லுக்கட்டியது.

முதலில் விழுந்த தட்டு. வன்தட்டுக்குள் வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல, படிக்கும் முனை அவற்றின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் அதைப்போலப் பல ஆயிரம் மடங்கு. விழுந்த அதிர்ச்சியில் முனை கெட்டுவிட்டால், தகட்டில் தன் இடத்தைக் கண்டுகொள்ள முடியாமல் அது திரும்பத் திரும்பப் புறப்பட்ட இடத்துக்கே ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் டக் டக். ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் முனை தகட்டைச் சுரண்டும் ஆபத்து உண்டு. மாமா அதற்குள் ஏழெட்டு முறை சொருகிப் பார்த்திருந்தார். நான் அதைத் துணியில் சுற்றித் தனியே வைத்துவிட்டேன். தூசியில்லா அறையில் திறந்து பார்ப்பவர்களால்தான் இனி ஏதாவது செய்ய முடியும்.

மீதிப் பத்தையும் ஒவ்வொன்றாகச் சொருகி, 'ஸ்மார்ட்' குறிப்பைப் படித்தேன். ஒவ்வொரு வன்தட்டும் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கும் ஏடு அது. அதில் ஏகப்பட்ட வரிகள் இருக்கும். நான் மூன்றைத்தான் முதலில் பார்ப்பேன். 5-ஆம் எண் வரி, கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட வட்டக்கூறுகளின் (தகட்டில் தரவு எழுதும் சிறு துண்டுகளின்) எண்ணிக்கை. 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் கூறுகள். 199, வயரில் நடந்த பிழைகள். இது ஏறினால் தட்டைவிட வயரைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒன்பது தட்டுகளில் மூன்று வரிகளிலும் பூச்சியம். "கலவை"யில் மட்டும் 197-க்கு நேரே 24. அதைச் சாதாரணமாக நகலெடுக்காமல், 'டிடிரெஸ்க்யூ' என்ற கருவியால் எடுத்தேன். நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, மக்கர் செய்யும் இடங்களை வரைபடமாகக் குறித்துவைத்துக் கடைசியில் திரும்பி வரும் கருவி. சாப்பிடும்போது முள்ளை ஓரமாக ஒதுக்கிவைப்பதுபோல. ஓர் இரவு ஓடியது. மூன்று படங்கள் தவிர எல்லாம் வந்துவிட்டன. கலவைக்குள் இருந்தது மாமாவின் சொந்த மகளின் பூப்புனித நீராட்டு விழா.

பெட்டி

இழுப்பறையில் கிடப்பவை எல்லாம் ஒரு கணினியோடு நேரடியாக ஒட்டிக்கொள்ளும் சேமிப்பு. யாருடைய கணினியில் சொருகியிருக்கிறதோ அவர் மட்டுமே பயன்படுத்தலாம். மாமாவுக்கு வேண்டியது, மூன்று கணினிகளும் ஒரே நேரத்தில் எடுத்து வைக்கக்கூடிய, வலையமைப்பில் உட்கார்ந்திருக்கும் சேமிப்பகம். தயாராக விற்கும் பெட்டிகள் இருக்கின்றன, நல்ல பொருள்தான். ஆனால் மாமாவிடம் ஒரு பழைய கணினி தூசி படிந்து கிடந்தது. நான்காம் தலைமுறை ஐ3 செயலி, 8 ஜிபி ரேம், கிகாபிட் வலைத் துளை. கோப்பு வழங்கும் வேலைக்கு இதுவே அதிகம்.

"எட்டு ஜிபியில் எப்படி மாப்பிள்ளை எல்லாக் கல்யாணமும் அடங்கும்?" என்றார்.

போனில் "மெமரி நிரம்பிவிட்டது" என்கிறோம், கேமராவில் "மெமரி கார்டு" என்கிறோம், ரேமையும் மெமரி என்கிறோம். மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டுக் குழப்பியது அவர் குற்றமில்லை. மாமா ஃபிலிம் காலத்து ஆள் என்பதால் இருட்டறையை எடுத்துக்கொண்டேன். தட்டத்தில் மிதக்கும் பிரிண்ட் ரேம். யாராவது விளக்கைப் போட்டால் போயிற்று. அலமாரியில் உறையிட்டு வைத்த நெகட்டிவ்தான் வன்தட்டு. "அப்படியானால் எட்டுத் தட்டம் போதும்" என்று அவரே தீர்ப்பு வழங்கிவிட்டார்.

அடுத்தது "சர்வர்". எடிட்டிங் அறையில் இருக்கும் தம்பி, சர்வர் என்றதும் ரேஷன் கடையிலும் பத்திரப் பதிவிலும் "சர்வர் வேலை செய்யவில்லை" என்று சொல்வதை நினைத்துக்கொண்டு பயந்தான். எனக்கோ ஓட்டல் சர்வர்தான் சரியான பொருள் என்று படும். தமிழில் கணிச்சொல்லாக 'வழங்கி' என்று வைத்தவர்களும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்பார், சர்வர் கொண்டுவந்து கொடுப்பார். கேட்காமல் எதுவும் வராது. ஓட்டலின் முகவரி ஐபி முகவரி என்றால், உள்ளே காபிக்கு ஒரு கவுன்ட்டர், பார்சலுக்கு ஒரு கவுன்ட்டர் இருக்கிறதல்லவா, அவை போர்ட் எண்கள். கோப்புப் பகிர்வுக்கு 445, இணையப் பக்கத்துக்கு 80, தொலைவிலிருந்து கட்டளையிட 22. கணினி பெரிதா சிறிதா என்பதல்ல. கேட்டால் கொடுக்கும் வேலையைச் செய்தால் அது வழங்கிதான். நம் பழைய ஐ3-யும் அன்று மாலையிலிருந்து வழங்கி ஆயிற்று.

இயங்குதளத்துக்கு ஒரு சிறிய எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தகடு இல்லாத சேமிப்பு. அதில் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட, சாதாரணக் கணினியை வலைச் சேமிப்பகமாக மாற்றும் 'ஓப்பன் மீடியா வால்ட்' நிறுவினேன். படம் வைக்க இரண்டு 4 டெராபைட் வன்தட்டுகள். வாங்கும்போது ஒன்றைக் கவனித்தேன். வன்தட்டுகளில், தடங்களை ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏற்றி எழுதும் வகை ஒன்று உண்டு. அதே இடத்தில் அதிகம் கொள்ளும். ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் பக்கத்து ஓடுகளையும் கழற்றி மறுபடி அடுக்க வேண்டும். இடைவிடாமல் எழுதும்போது வேகம் தரைதட்டிவிடும். இரண்டு தட்டுகளை இணைத்து வைக்கப்போகும் நமக்கு அது ஆகாது. தடங்கள் தனித்தனியாக உள்ள பழைய முறைத் தட்டையே கேட்டு வாங்கினேன்.

அதை மாமாவின் விண்டோஸ் கணினியில் மாட்டிச் சோதித்தபோது முதல் சண்டை வெடித்தது. திரையில் 3.63 டிபி.

"நாலுக்குக் காசு கொடுத்தோம். கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா?"

இல்லை. பெட்டியின் மேல் எழுதிய நான்கும் உண்மை, திரையில் வந்த 3.63-உம் உண்மை. தட்டு தயாரிப்பவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள்: 4 டெராபைட் என்றால் 4-க்குப் பின்னால் பன்னிரண்டு பூச்சியம் போட்ட அத்தனை பைட். விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. கணினிக்கு இரண்டின் மடங்குகள்தான் இயல்பு. 1024 என்பது இரண்டைப் பத்து முறை பெருக்கினால் வருவது, ஆயிரத்துக்கு மிக அருகில் இருந்ததால் அதையும் கிலோ என்றே கூப்பிட்டுவிட்டார்கள். கிலோவில் இந்த வித்தியாசம் இரண்டரை சதவீதம்கூட இல்லை; யாரும் கவலைப்படவில்லை. மெகாவில் ஐந்து, கிகாவில் ஏழு என்று ஏறி, டெராவில் பத்து சதவீதத்தைத் தொட்டுவிடுகிறது. கந்து வட்டிபோல. படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் மாறிய காலத்தில் நெல் அளந்தவர்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1998-இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1024-ன் கணக்குக்குத் தனிப் பெயர்களே வைத்தது. கிலோவுக்குப் பதில் கிபி, மெகாவுக்குப் பதில் மெபி, டெராவுக்குப் பதில் டெபி. கிகாவுக்குப் பதில் வைத்த பெயரைத் தமிழில் எழுதினால் அதுவும் கிபி! நம் எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடே கிடையாது. "4 கிபி" என்று எழுதினால் ஆவணக் காப்பகத்தில் இருப்பவர் கிறிஸ்துவுக்குப் பின் நான்காம் ஆண்டு என்று படிப்பார். லினக்ஸ் கருவிகள் பல இந்தப் புதுப் பெயர்களைப் பின்பற்றுகின்றன. அன்றாடப் பேச்சில் அவை நுழையவில்லை. தமிழில் நுழையவும் முடியாது என்று நினைக்கிறேன்.

இரண்டு தட்டுகளையும் 'ரெய்டு 1' ஆக இணைத்தேன். ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் அப்படியே எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது தாங்கும். 8 டெராபைட் வாங்கி 4 டெராபைட்தான் கிடைக்கும் என்பதால் மாமாவுக்கு முகம் சுருங்கியது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988-இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய பெயர் ரெய்டு. பெயரிலிருந்த ஓர் எழுத்துக்கு அவர்கள் வைத்த பொருள் "விலை மலிவான" தட்டுகள். பின்னால் அதே எழுத்துக்குத் "தனித்தனியான" என்று பொருள் மாற்றிவிட்டார்கள். இரண்டு தட்டுகளின் விலைச்சீட்டைப் பார்த்தால் ஏன் மாற்றினார்கள் என்று எனக்குப் புரிகிறது. முதல் ஒத்திசைவு முடிய ஏறக்குறைய 8 மணி நேரம். கட்டளையைக் கொடுத்துவிட்டு வெங்கடா லாட்ஜில் காபி குடிக்கப் போனேன்; டிகிரி காபி ஊரில் இருந்துகொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பானேன்.

வலை

சுவரில் மாட்டியிருக்கும் இணையப் பெட்டியை எல்லோரும் "மோடம்" என்கிறார்கள். உண்மையில் அந்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நான்கு பேர் குடியிருக்கிறார்கள். கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்குறியாக மாற்றுபவர் ஒருவர். ஸ்டுடியோவுக்குள் இருக்கும் வலையையும் வெளியுலகையும் இணைத்து, எது எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டும் திசைவி ஒருவர். உள்ளே இருக்கும் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் ஒருவர். வைஃபை பரப்புபவர் ஒருவர். கூட்டுக் குடும்பம். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் எல்லோரையும் அணைத்துப் போட்டுவிடுகிறோம்.

அந்தப் பெட்டியில் துளைகள் போதவில்லை. மாமா கடையில் வேலை செய்யும் பையனிடம் "எட்டு போர்ட் சுவிட்ச் ஒன்று வாங்கி வா" என்று அனுப்பினார். அவன் மின்சாமான் கடைக்குப் போய் எட்டு விளக்கு சுவிட்ச் பொருத்தும் பலகையோடு வந்தான். சிரித்தோம், ஆனால் அவன் செய்ததில் தவறென்ன? பழையவர்கள் இதையே "ஹப்" என்று கேட்பார்கள். அதுவும் சரியில்லை. ஹப் என்பது, ஒருவர் பேசியதை அறையில் இருக்கும் அனைவருக்கும் உரக்கச் சொல்லும் பழைய சாதனம். சுவிட்ச், யார் எந்தத் துளையில் இருக்கிறார் என்று அவரவர் மேக் முகவரியை வைத்துக் கற்றுக்கொண்டு, உரியவரிடம் மட்டும் சேர்க்கும்.

மேக் முகவரி தொழிற்சாலையிலேயே பொறிக்கப்படும் 48 பிட் எண். பிறந்த நட்சத்திரம்போல, கூடவே வரும். ஐபி முகவரி வாடகை வீடு. திசைவியில் உள்ள டிஹெச்சிபி என்ற ஏற்பாடு, கணினி விழித்தெழும்போது "இன்றைக்கு நீ 192.168.1.14" என்று கொடுக்கும், ஒப்பந்தக் காலம் முடிந்தால் வேறு கொடுக்கலாம். கோப்பு வழங்கி நாளுக்கொரு வீடு மாறினால் மற்றவர்கள் எங்கே தேடுவார்கள்? ஆகவே திசைவிக்குள் போய், இந்த மேக் முகவரிக்கு எப்போதும் 192.168.1.50 என்று ஒதுக்கிவைத்தேன். இந்த வேலை ஐந்து நிமிடம்.

அதற்குப் பின்னால் வந்த தொல்லைக்கு இரண்டு நாள்.

எல்லாம் இணைத்து, மாடிக் கணினியிலிருந்து ஒரு கல்யாணத்தை, ஏறக்குறைய 200 ஜிபி, பெட்டிக்கு அனுப்பினோம். திரையில் வேகம் விநாடிக்கு 11 எம்பி. அசையவில்லை. 11.2, 11.3, 11.2. முடிய ஐந்து மணி நேரம் என்றது. கையடக்கத் தட்டில் போட்டாலே இதைவிடச் சீக்கிரம் முடியும்.

"கிகா கிகா என்றாயே மாப்பிள்ளை, ஆயிரம் எம்பி என்றாயே. பதினொன்று வருகிறது?"

இங்கேதான் நம் மொழி நம்மைக் கவிழ்க்கிறது. ஆங்கிலத்தில் சிறிய பி போட்டால் பிட், பெரிய பி போட்டால் பைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். வலையமைப்புக்காரர்கள் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள். சேமிப்புக்காரர்கள் அளவைப் பைட்டில் சொல்வார்கள். தமிழ் எழுத்தில் சிறியது பெரியது கிடையாது. இரண்டும் எம்பி. விளம்பரப் பலகையில் "100 எம்பி வேகம்" என்று படித்துவிட்டு, 100 எம்பி படம் ஒரு விநாடியில் வரும் என்று எண்ணுபவரை எப்படிக் குறை சொல்வது? எட்டு விநாடி ஆகும். அன்று முதல் ஸ்டுடியோவில் எம்பி என்ற சொல்லுக்கே தடை போட்டேன்: மெகாபிட் அல்லது மெகாபைட், முழுதாகச் சொல்ல வேண்டும். 'பைட்' என்ற சொல்லை 1956-இல் ஐபிஎம்மில் வெர்னர் புக்ஹோல்ஸ் உண்டாக்கியபோது, 'கடி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் எழுத்தை வேண்டுமென்றே மாற்றினார். கைதவறிப் பிட் என்று எழுதிவிடக் கூடாதே என்று. அவ்வளவு முன்யோசனையோடு வைத்த பெயரை நாம் எம்பி ஆக்கிவிட்டோம்.

ஆயிரம் மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 125 மெகாபைட். உறை, முகவரி, சரிபார்ப்பு என்று தரவோடு போகும் சுமை கழிந்தால் 110-இலிருந்து 118 வரை கிடைக்க வேண்டும். 11 என்பது அதில் பத்தில் ஒரு பங்கு. இந்தப் "பத்தில் ஒரு பங்கு" அப்போதே என் மூளையில் மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. நான் முதலில் வன்தட்டைச் சந்தேகித்தேன். ஓடு வேய்ந்த தட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று மாதிரி எண்ணைத் தேடிப் பார்த்தேன். பிறகு பகிர்வு மென்பொருளின் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றினேன். முதல் நாள் முழுக்கப் போயிற்று. கடைசி அமைப்பை மாற்றும்போது முந்தையது என்னவாக இருந்தது என்பதே மறந்துபோனது. இந்த வேலையில் இருக்கும் ஒருவன் செய்யக் கூடாத காரியம்.

மறுநாள் காலை, தட்டையும் கோப்பையும் ஒதுக்கிவிட்டு வலையை மட்டும் அளக்கும் 'ஐபெர்ஃப்' கருவியை ஓட்டினேன். ரேமிலிருந்து ரேமுக்கு வெற்றுத் தரவை அனுப்பிப் பார்க்கும். விடை: விநாடிக்கு 94 மெகாபிட். 94 என்பது நூறு மெகாபிட் இணைப்பின் கைரேகை. எப்போதும் அதுதான் வரும். கட்டளை கொடுத்துக் கேட்டேன், பெட்டி கிகாபிட்டில் பேசுகிறது. கீழே உள்ள கணினியும் கிகாபிட். மாடிக் கணினி மட்டும் நூறு. சுவிட்சைத் திரும்பிப் பார்த்தால், மூன்றாவது துளையின் விளக்கு மற்றவை பச்சையாக இருக்க, இரண்டு நாளாக ஆரஞ்சில் எரிந்துகொண்டிருக்கிறது. என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

மாடிச் சுவரில் இருந்த பெட்டியின் மூடியைக் கழற்றினேன். வலை வயருக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு முறுக்கிய இணைகளாக இருக்கும்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. முறுக்குவதற்குக் காரணம் உண்டு. ஓர் இணையின் இரு கம்பிகளிலும் குறி எதிரெதிராக ஓடுகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டையும் ஒரே அளவில் தாக்கும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் காணாமல்போய்க் குறி மிஞ்சும். நூறு மெகாபிட் ஈதர்நெட்டுக்கு இரண்டு இணைகள் போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். இந்தச் சுவரில் ஆரஞ்சும் பச்சையும் மட்டுமே துளைக்குப் போயிருந்தன. நீலத்தையும் பழுப்பையும் காணோம்.

அவை எங்கே போயின என்று வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். மேசைக்குப் பின்னால், சுவரில் மாட்டியிருந்த இண்டர்காம் போனில் போய் முடிந்தன.

கட்டடம் கட்டியபோது மின்வேலை செய்தவர் கெட்டிக்காரர். மாடிக்கு வலைக்கு ஒரு வயர், இண்டர்காமுக்கு ஒரு வயர் என்று இழுக்காமல், ஒரே வயரை இரண்டாகப் பங்கிட்டிருக்கிறார். அன்றைய இணையப் பெட்டி நூறு மெகாபிட்தான் பேசும், யாருக்கும் நட்டமில்லை. இரண்டு முனைகளும் முதலில் ஆரஞ்சு, பச்சை வழியாகத்தான் "உன்னால் எவ்வளவு முடியும்?" என்று கேட்டுக்கொள்ளும். இரண்டுமே "கிகாபிட்" என்று ஒப்புக்கொண்டு, வேலையைத் தொடங்கினால் மற்ற இணைகளில் பதிலில்லை. சில முறை முயன்றுவிட்டு, சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். பிழை என்று எங்கும் எழுதாது. எல்லாம் வேலை செய்கிறது, மெதுவாக.

புது வயர் இழுக்கப் பார்த்தேன். படிக்கட்டுத் திருப்பத்தில் குழாய்க்குள் பழைய வயர்கள் நெருக்கிப் போயிருந்தன. இழுவைக் கம்பியே நுழையவில்லை. சுவரை உடைக்க மாமா ஒப்பவில்லை. ஆகவே இண்டர்காமிடமிருந்து இரண்டு இணைகளையும் திரும்ப வாங்கினேன். எட்டுக் கம்பிகளையும் வரிசைப்படுத்தி, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு, இரு முனைகளிலும் ஒரே முறையில் அழுத்தினேன். பச்சை இணை நீலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிரிந்து நிற்பதுதான் புதியவர்களைத் தடுக்கும் இடம். பழையவனான என்னையும் தடுத்தது. சோதனைக் கருவியில் மூன்றாவது விளக்குக்குப் பதில் ஐந்தாவது எரிந்தது. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி. இரண்டாவது முறை எட்டும் வரிசையாக எரிந்தன. சுவிட்சில் பச்சை. வேகம் 112 மெகாபைட். அதே கல்யாணம் அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

கண்ணாடி

எல்லாம் முடிந்தது என்று பையைக் கட்டிய அன்றுதான் மாடித் தம்பி படியிறங்கி ஓடிவந்தான். பழைய ஆல்பக் கோப்புகளை ஒழுங்குசெய்யும்போது ஒரு கோப்புறையைக் கைதவறி அழித்துவிட்டான். "அண்ணா, ரெய்டில் இரண்டு பிரதி இருக்கிறதே, இன்னொரு தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?"

முடியாது. ரெய்டு 1 ஒரு கண்ணாடி. கண்ணாடி முன் நின்று மீசையை மழித்தால், உள்ளே இருப்பவனுக்கும் மீசை போய்விடும். தட்டு செத்தால்தான் அது காப்பாற்றும். நம் கை செய்ததற்கு அது உடந்தை. அதிர்ஷ்டவசமாக, மூலக் கோப்புகள் இருந்த கையடக்கத் தட்டை இன்னும் துடைக்கவில்லை. எடுத்துக்கொண்டோம். அன்று பிடிவாதமாக உட்கார்ந்து, வலைவழி அழிக்கும் கோப்புகள் முதலில் குப்பைக் கூடைக்குப் போகும்படி அமைத்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

காப்புப் பிரதி வேண்டும் என்று மாமாவிடம் பேச்சை எடுத்தேன். "பேக்கப்தான் இருக்கிறதே! இரண்டு மணி நேரம் நிற்கும்" என்று மேசைக்குக் கீழே யூபிஎஸ்ஸைக் காட்டினார். நம் ஊரில் பேக்கப் என்றால் பேட்டரிதான். அதற்கும் பெட்டியை இணைத்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவது நல்லதல்ல. ஆனால் நான் கேட்டது வேறு. புகைப்படக்காரர்கள் நடுவே பரவிய ஒரு கணக்கு உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு கட்டடத்தில். கண்ணாடியில் இருக்கும் இரண்டும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். எனவே நல்ல நிலையில் இருந்த கையடக்கத் தட்டுகளையே மீண்டும் வேலைக்கு எடுத்தோம். ஒவ்வோர் இரவும் இரண்டு மணிக்கு 'ஆர்சிங்க்' என்ற நகலெடுக்கும் கருவி அன்றைக்கு மாறியதை மட்டும் ஒரு தட்டில் படியெடுக்கும். வெள்ளிக்கிழமை அந்தத் தட்டு மகாமகக் குளத்துப் பக்கம் இருக்கும் மாமாவின் வீட்டு பீரோவுக்குப் போகும். அங்கிருந்து மற்றொன்று வரும். அத்தைதான் பொறுப்பு. அவர் சீட்டுப் பணம் வசூலிப்பதில் ஒரு நாளும் தவறியதில்லை என்பதால் இந்த ஏற்பாட்டை மட்டும் நான் முழுதாக நம்புகிறேன்.

மாமாவுக்கு இன்னோர் ஆசை: மண்டபத்திலிருந்தே படங்களைப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். திசைவியில் பார்த்தேன், வெளிப்பக்க முகவரியே 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை, இணையச் சேவையாளர்கள் தங்களுக்குள் பயன்படுத்த 2012-இல் ஒதுக்கப்பட்டவை. 32 பிட்டில் கிடைக்கும் முகவரிகள் ஏறக்குறைய 430 கோடிதான், அவை தீர்ந்துபோனதால் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். அடுக்குமாடியின் வாசலில் ஒரே தபால் பெட்டி இருப்பதுபோல. நாம் கடிதம் அனுப்பலாம், நம் கதவை நேரே யாரும் தட்ட முடியாது. இதற்கும் சுற்றுவழி உண்டு. ஆனால் 200 ஜிபியை 40 மெகாபிட் மேலேற்ற வேகத்தில் அனுப்ப 11 மணி நேரம். மண்டபத்திலிருந்து தம்பி வண்டியில் வந்தால் இருபது நிமிடம். முதல் படம் வந்து சேரத்தான் தாமதம், மொத்தமாக அள்ளி வருவதில் அந்த இணைப்பைவிட வண்டியே பெரிது. ஹெல்மெட் மட்டும் வாங்கிக் கொடுக்கச் சொன்னேன்.

இழுப்பறை இப்போது காலி. "கலவை" என்ற பிளாஸ்திரியை மட்டும் மாமா உரித்து, பெட்டியின் நெற்றியில் ஒட்டியிருக்கிறார்.

மாடியில் இண்டர்காம் ஊமையாகத் தொங்குகிறது. வாடிக்கையாளர் வந்தால் மாமா படிக்கட்டின் கீழே நின்று குரல் கொடுக்கிறார். மேலே தம்பி காதில் ஹெட்போனோடு இருப்பதால் நான்கைந்து முறை கூப்பிட வேண்டியிருக்கிறது. வயரில்லாத அழைப்பு மணி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.